உள்ளிழுத்த மூச்சு ஒப்பந்தம் ஆகாது

ஊமியோ,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் ஸ்தூரே அவர்களுக்கு,

இங்வே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும், தங்கள் மனைவி இங்கெலாவும், அந்த நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் ஊரான லிக்செலேயில் ஆறு உறைந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். தங்களுக்கு மீன் நிறையக் கிடைக்கட்டும். தங்கள் தங்கையும் என் மனைவியுமான மரீத்தா தங்கள் வீட்டில் சௌக்கியமாக இருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சௌக்கியம் இல்லாத இடத்தில் யாராவது மூன்று வாரம் உட்கார்ந்திருப்பார்களா? மரியாதைக்குரிய பகுதி இத்துடன் முடிகிறது. இனி இந்தக் கடிதத்தில் "தாங்கள்" கிடையாது.

நான் ஏன் ஃபோன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று நீர் கேட்கலாம். ஃபோன் செய்தேன் ஐயா. போன வியாழக்கிழமை செய்தேன். மரீத்தா அங்கே இருக்கிறாளா என்று கேட்டேன். நீர் பதில் சொல்லவில்லை, மூச்சை உள்ளே இழுத்தீர். என்னோடு பேசுவாளா என்று கேட்டேன். மறுபடியும் ஒரு மூச்சு, முதல் மூச்சைவிடக் கொஞ்சம் சின்னது. அது ஆமாவா, சலிப்பா, அல்லது உதட்டுக்கடியில் வைத்திருக்கும் புகையிலைப் பொட்டலத்தை நாக்கால் தள்ளினீரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் கடிதம். எழுத்தில் மூச்சு இழுக்க முடியாது.

இந்தக் கடிதம் ஒருநாள் ஒரு வக்கீலின் கைக்குப் போகலாம், அவர் தெற்கிலிருந்து வந்த நல்ல மனிதராக இருக்கலாம். அதனால் உமக்குத் தெரிந்த விஷயத்தையும் எழுதிவைக்கிறேன். ஸ்வீடனின் வடக்கே உங்கள் ஆட்கள் "ஆமாம்" என்று சொல்வதில்லை. உதட்டைக் குவித்து, ஷுப் என்று மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். அவ்வளவுதான், சம்மதம் கொடுத்தாகிவிட்டது. பாலில் ஈ மிதப்பதைப் பார்த்தவன் எழுப்பும் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் நிலம் வாங்கியிருக்கிறது, விற்றிருக்கிறது, பெண் கொடுத்திருக்கிறது. நான் ஸ்கோனேக்காரன். நாட்டின் தெற்கு நுனி. எங்கள் பக்கத்தில் ஆமாம் என்றால் வாயைத் திறந்து, தொண்டையிலிருந்து, அடுத்த வயலில் பீட்ரூட் பிடுங்குகிறவனுக்கும் கேட்கும்படி சொல்வோம். முப்பது வருடமாக ஊமியோவில் பிள்ளைகளுக்கு மொழியும் வரலாறும் கற்பிக்கிறேன். எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து மூச்சை இழுக்கும், ஜன்னல் திரை உள்பக்கமாக ஆடும். அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்தும் என் பேச்சு கெடாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பெருமை. அதற்கும் இப்போது கேடு வந்திருக்கிறது.

இதெல்லாம் ஆரம்பித்தது உமது சாப்பாட்டு மேசையில். மூன்று வருடம் முன்பு, மூஸ் என்னும் பெரிய காட்டு மான் வேட்டை முடிந்த வாரம். உள்ளே பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்கு உருண்டைகளை இங்கெலா அவித்து அவித்துப் போட, நான் ஆறாவது உருண்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் இருப்பவனிடம் யாரும் முக்கியமான விஷயம் பேசக்கூடாது. நீர் பேசினீர். "மாப்ளே, கரன்ட் விலை எங்கேயோ போயிட்டிருக்கு. உங்க தெக்கத்தி ஆளுங்க பில்லைப் பாத்து அழுவுறானுங்க. மூணு வருஷத்துக்கு விலையக் கட்டிப் போட்டுடு, நிம்மதியாத் தூங்கலாம்" என்றீர். கம்பெனியின் பெயரையும் நீர்தான் சொன்னீர். அதை என் பேனாவால் எழுத மாட்டேன். வேட்டையில் இருபது வருடமாக ஒரு மான்கூட எட்டிப் பார்க்காத சதுப்பு மூலையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறீரே, அதே அக்கறை அன்று உம் முகத்தில் இருந்தது. நான் கவனித்திருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டேன். நீர் போட்டீரா? போடவில்லை. அதை இங்கெலா ஒரு வருடம் கழித்து வாய்தவறிச் சொன்னாள். "இவரு நாளைக்கு நாளைக்குன்னே விட்டுட்டாரு" என்றாள். அந்த வருடம் வடக்கே எல்லா ஆறுகளிலும் தண்ணீர் பெருகியது, அணைகள் நிரம்பின, இந்தப் பக்கத்துக் கரன்ட் விலை தரையில் விழுந்தது. நீர் காலையும் மாலையும் நீராவிக் குளியலில் வெந்து சிவந்துகொண்டிருந்தீர். நான் வீட்டுச் சூட்டைக் குறைத்துவிட்டுக் கம்பளித் தொப்பியோடு ஹாலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மரீத்தா ஜன்னலைத் திறப்பாள், நான் மூடுவேன், அவள் திறப்பாள். எங்கள் குடும்ப வாழ்க்கை மூன்று வருடம் இப்படி ஓடியது.

சரி, போகட்டும், ஒப்பந்தம் முடியப்போகிறது என்று காத்திருந்தேன். வேறு கம்பெனி பார்த்துவைத்துவிட்டேன், மாதத்துக்கு மாதம் சந்தை விலை, எந்தக் கட்டும் கிடையாது. ஒழுங்கான மனிதனாக, நானே ஃபோன் செய்து, "இந்த ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த தப்பு. அவர்கள் நம்மைக் கூப்பிட்டு விற்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாமாகக் கூப்பிட்டால் வாய்வார்த்தை போதுமாம். நான் வலியப் போய் வலையில் உட்கார்ந்த மீன். நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பெயர் யொன்னா. குரலைக் கேட்டதுமே தெரிந்தது, உங்கள் பக்கத்துப் பெண். பெயர், முகவரி எல்லாம் கேட்டு சரிபார்த்தாள். நான் எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்லத் தொடங்குவதற்குள் அவளே தேனாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். "மூணு வருஷமா எங்களோட இருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். உங்களுக்காகவே ஒரு விலை வச்சிருக்கோம். இன்னும் மூணு வருஷத்துக்கு உறுதி பண்ணிடவா?" என்று கேட்டு விலையைச் சொன்னாள். சந்தை விலையைப் போல மூன்று மடங்கு. ஸ்தூரே, எனக்கு அதிர்ச்சியில் மூச்சு உள்ளே போய்விட்டது. மனிதனுக்கு அப்படிப் போகும். அவள் "நன்றி, பதிவு பண்ணிட்டேன், நல்ல நாளா அமையட்டும்" என்றாள். என்னுடைய மறுப்பைத்தான் பதிவு செய்துவிட்டாள் என்று நினைத்து நானும் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுவதும் ஒரு வேலையைக் கச்சிதமாக முடித்த திருப்தி வேறு.

புது மூன்று வருட ஒப்பந்தத்தை உறுதிசெய்து அவர்கள் அனுப்பிய கடிதம் இணையத் தபால்பெட்டிக்குப் போயிருக்கிறது. அந்தப் பெட்டியை நான் திறப்பதில்லை, அது என் கொள்கை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் காகிதத்தில் அச்சடித்து என் வாசலுக்குக் கொண்டுவரட்டும். மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்று சட்டம் கொடுத்த பதினான்கு நாளும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்து செத்துப்போயின. புதுக் கம்பெனிக்காரன் கூப்பிட்டு, "சார், நீங்க ஏற்கெனவே மூணு வருஷத்துக்குக் கட்டுப்பட்டிருக்கீங்க, இப்ப எங்ககிட்ட வந்தா பழைய இடத்துல முறிவுக் கட்டணம் பதினோராயிரம் குரோனா கேப்பாங்க" என்று சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. உடனே பழைய கம்பெனிக்கு ஃபோன். இந்த முறை ஒரு மேலாளர். கட்டணம் இல்லாமல் வெளியேற வழியே கிடையாதா என்று கேட்டேன். சில விதிவிலக்குகள் உண்டு என்று சொல்லி, "முதலாவது, வாடிக்கையாளர் காலமாயிட்டா" என்று ஆரம்பித்தார். இரண்டாவதைக் கேட்க நான் ஃபோனில் இல்லை.

ஒலிப்பதிவை அனுப்பச் சொல்லி எழுதினேன். அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் மரீத்தாவும் நானும் உட்கார்ந்து கேட்டோம். அவள் வழக்கம்போலக் காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள், அந்தக் காட்சியை நான் முப்பது வருடமாகப் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். பதிவு ஓடியது. யொன்னா விலையைச் சொன்னாள். அப்புறம் நான். ஷுப். "கேட்டியா? ஒரு வார்த்தைகூட இல்லை" என்றேன். மரீத்தா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "சம்மதம்னு சொல்லிட்டீங்களே" என்றாள். அது அதிர்ச்சி என்றேன். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். நீங்கள்தான் இன்னாரா என்று யொன்னா கேட்கிறாள்: ஷுப். இந்த முகவரிதானா: ஷுப். தனி வீடா: ஷுப். "இதுக்கெல்லாமும் அதிர்ச்சியா? உங்க பேரே உங்களுக்கு அதிர்ச்சியா?" என்று கேட்டாள். அப்போது நான் சூடான காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பேன் என்றேன். "மத்தியானத்துல நீங்க காப்பி குடிச்சு நான் பாத்ததே இல்லை" என்றாள். ஒரு மனைவி சாட்சியாக நிற்க வேண்டிய இடத்தில் அரசுத் தரப்பு வக்கீலாக நின்றாள் என்பதை உமக்குச் சொல்லிவைக்கிறேன்.

நான் விடவில்லை. நுகர்வோர் புகார் வாரியத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன், என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. வார்த்தை என்பது வெளியே போவது, உள்ளே வருவது வார்த்தை ஆகாது என்று காட்டினேன். உள்ளிழுத்த மூச்சு ஓர் உடலியல் நிகழ்வு, ஒப்பந்தம் அல்ல என்று நிறுவினேன். முடிவில், "வடக்கத்தியரின் இந்த மூச்சுப் பழக்கத்தை நாகரிகமுள்ள எவனும் முறையான சம்மதமாக ஏற்றதில்லை, ஏற்கவும் மாட்டான்" என்று எழுதினேன். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி மரீத்தாவிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக்கூடாது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி வரியில் மட்டும் விரலை வைத்து நிறுத்தினாள்.

நூர்மாலிங் சர்ச்சில் எங்கள் கல்யாணம் நடந்தபோது நீர் முன்வரிசையில் இருந்தீர், உமக்கே தெரியும். பாதிரியார் என்னைக் கேட்டார், நான் சொன்னது கடற்கரை வரைக்கும் கேட்டது. அப்புறம் அவளைக் கேட்டார். அவள் மூச்சை இழுத்தாள். பாதிரியாரும் உங்கள் ஆள்தானே, தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். தெற்கே எங்கள் ஊரான ஈஸ்தாத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்திருந்த என் அம்மா எழுந்து நின்று, "பொண்ணு இன்னும் பதிலே சொல்லலையே" என்றாள். சர்ச்சே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நீர். அதை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

"அப்ப அந்த சர்ச்சுல நான் சொன்னது என்ன? உடலியல் நிகழ்வா?" என்று கேட்டாள் மரீத்தா. அது வேறு, இது வேறு என்றேன். என்ன வேறு என்றாள். சட்டத்தின் பார்வையில் என்று ஆரம்பித்தேன். அங்கேதான் கெட்டது. அவள் மாடிக்குப் போனாள். பெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டாள், "முப்பது வருஷமா எந்த ஒப்பந்தத்துல இருக்கேன் நான்? இடையில முறிச்சா கட்டணம் உண்டா?" கதவு மூடிவிட்டது. போகும்போது காப்பிக் கெட்டிலையும் எடுத்துப் போய்விட்டாள். புகார்க் கடிதத்தை அன்று மத்தியானமே தபாலில் சேர்த்தேன், ஏனென்றால் நியாயம் நியாயம்தான்.

இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேளும். மூன்று வாரமாக இந்த வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் மூடியே இருக்கின்றன. யாரும் திறப்பதில்லை. வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு நான் எப்போதும் கேட்ட குறைந்த அளவில் ஓடுகிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. அப்படிப் பார்த்தால் பில் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. நேற்று ஒரு ஜன்னலை நானே போய்த் திறந்தேன், கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன், மூடச் சொல்ல ஆள் இல்லை, நானே மூடினேன். இதெல்லாம் உம்மால் வந்தது. உம் உருளைக்கிழங்கு உருண்டையால் வந்தது. அவளை நான் அவமதித்துவிட்டதாக நீர் அங்கே பேசிக்கொண்டிருப்பீர். நான் அவமதித்தது ஒரு கம்பெனியை. கம்பெனியை அடிக்கப்போய் அடி அவள்மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கம்பெனி அங்கே நின்றிருக்காவிட்டால் நான் அடித்திருக்கவே மாட்டேன், கம்பெனியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நீர். ஒழுங்காக யோசித்துப் பார்த்தால் அவள் கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், உம் வீட்டிலிருந்து.

எனவே, அவள் வருகிறாளா, வரவில்லையா என்பதை அவளிடம் கேட்டு, எழுத்தில், முழு வாக்கியத்தில், உம் கையெழுத்தோடு பதில் எழுதவும். வருவதாக இருந்தால் பஸ் நிலையத்துக்கு நான் வருவேன். வராவிட்டால் கெட்டிலையாவது அனுப்பவும். புகாரில் ஒரு எழுத்தையும் நான் மாற்றப்போவதில்லை என்பதையும் அவளுக்குச் சொல்லவும். வேண்டாம், அதைச் சொல்ல வேண்டாம். கெட்டிலைப் பற்றி மட்டும் சொல்லவும்.

இங்கெலாவுக்கு என் வணக்கம். அவள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உம் கூரையில் பனி அளவோடு விழட்டும், மீன்பிடிக்கப் போகும் இடத்தில் பனிக்கட்டி உடையாமல் தாங்கட்டும், உம் வீட்டுக் கரன்ட் பில் மட்டும் என் பில்லைப் போலவே நீண்ட ஆயுளோடு வளரட்டும் என்று மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உம் தங்கையைச் சட்டப்படி மணந்த
இங்வே

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டவும் ஒட்டிவிட்டேன். இப்போது பிரித்து இதைச் சேர்க்கிறேன். நேற்று மத்தியானம் அந்தக் கம்பெனியிலிருந்து ஃபோனுக்குச் செய்தி வந்தது. "நீங்கள் வீடு மாறியதாக அறிந்தோம். வீடு மாறியதால் முறிவுக் கட்டணம் இல்லை. புதிய இல்லத்தில் எல்லாம் நலமாக அமைய வாழ்த்துகள்." நான் அப்போது என் பழைய இல்லத்தில், என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உடனே கூப்பிட்டேன். உங்கள் மனைவிதான் வீட்டு மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார், வேறு கம்பெனியில் மாதாமாதச் சந்தை விலைக்குச் சேர்ந்தும்விட்டார் என்றார்கள். அதாவது, அவள் என்னை விட்டுப் போய்விட்டாள் என்று நான் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்க, மின்சாரத் துறையின் கணக்கில் அவளை விட்டுப் போனது நான். உம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நல்லவேளை, நீர் எடுக்கவில்லை, அவளே எடுத்தாள்.

நான் வீட்டை விட்டுப் போய்விட்டதாகப் பொய் சொன்னாயா என்று கேட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லல. என் பேருக்கு மாத்தணும்னு கேட்டேன். அப்ப உங்க வீட்டுக்காரர் அங்க இல்லையா, போயிட்டாரான்னு அந்தப் பொண்ணு கேட்டா. நான் மூச்சை இழுத்தேன். அதிர்ச்சியில. அவ நன்றி சொல்லி எழுதிக்கிட்டா."

இது மோசடி என்றேன்.

"அப்படியா? மூச்சு ஒரு பதிலே இல்லைன்னு நீங்கதான மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. அப்ப நான் பொய்யே சொல்லலை. ஆனா வாரியமும் அதையே சொல்லிட்டா, நீங்க வீட்டை விட்டுப் போகலைன்னு ஆயிடும், பதினோராயிரம் திரும்ப வந்து நிக்கும். மூச்சுன்னா ஆமாம்தான்னா, கட்டணம் கிடையாது. எது வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

ஸ்தூரே, முப்பது வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாளில் ஓட்டை தேடுகிறேன். அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று காலை புகாரை வாபஸ் வாங்கினேன். காரணம் எழுத வேண்டும் என்றார்கள். "வடக்கத்தியரின் உள்ளிழுத்த மூச்சு முழுமையான சம்மதம் என்றும், எந்தக் காலத்திலும் அப்படியே இருந்தது என்றும் கருதுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் நகலை அவளுக்கு ஃபோனில் படித்தும் காட்டினேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மூஸ் வேட்டையில் என்னை நிறுத்தும் மூலை பற்றி எழுதியிருப்பது உண்மை, அதற்காக அனுப்புகிறேன்.

நான் படித்ததைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "இப்ப அந்த வீட்டுக்கு நான்தான் வாடிக்கையாளர். நீங்க வெளியே போன ஆளு. உள்ள வரணும்னா என்கிட்டதான் கேக்கணும். சரி, நானே கேக்கறேன். என்னோட அங்க இருக்கப் போறீங்களா?"

நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷுப். சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறாள்.